விரதம் முறிந்த மறுநாள்

சிவமயம்



இந்த இதழ் உங்கள் கைகளுக்கு வந்து சேரும்போது மாசி பிறந்திருக்கும். ரொறன்ரோவில் பனி இன்னும் கரைந்திராது. ஜனவரி முதலாந் திகதி எடுத்த சங்கற்பங்களோ அநேகமாகக் கரைந்து போயிருக்கும்.

ஆலய வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்கும் இடத்திலே ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஊர்க்கதை முழுவதும் காதில் விழும். முன்பெல்லாம் ஸ்பொன்சர், வீட்டு விலை, பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதி என்றிருந்த பேச்சு இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. "எனக்கு ஏழு தசம் எட்டு", "எனக்கு எட்டைத் தாண்டியிட்டுது" என்று எண்களிலே பேசிக்கொள்கிறோம். கணக்குத் தொழில் செய்யும் எமக்கு எண்கள் பிடிக்கும். இந்த எண்கள் பிடிக்கவில்லை. அவற்றைத் தொடர்ந்து வரும் வசனம் அதைவிடப் பிடிக்கவில்லை. "மூண்டு கிழமை சோத்தைக் குறைச்சு, சீனியை விட்டு, ஒழுங்காய்த்தான் இருந்தனான். போன சனிக்கிழமை பேத்டே பார்ட்டியோடை எல்லாம் முறிஞ்சு போச்சு. இனி என்ன கிடக்கு? சித்திரைக்குப் பிறகு பாப்பம்."

இந்த "இனி என்ன கிடக்கு" என்ற வார்த்தையைப் பற்றியே இம்முறை சிந்திக்க விரும்புகிறோம்.

நாயன்மார் பெருமை பேச வேண்டிய பக்கத்திலே சோற்றுக் கதை எதற்கு என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. திருமூல நாயனார் தாம் முதலில் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததாகவும், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்திலே சொல்கிறார். கோயில் என்று ஒப்புக்கொண்டால் அதற்குத் திருப்பணியும் உண்டல்லவா? மண்டபக் கூரையிலே தண்ணீர் ஒழுகினால் அன்றிரவே அவசரக் கூட்டம் கூட்டுகிறோம். காலிலே ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு மூன்று மாதம் திரிகிறோம்.

இது சிறிய காரியம் அல்ல. தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும், உடல் பெரிதாகப் பருக்காமலே இருக்கும்போதும் வந்துவிடுகிறது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டிலே, பொதுவாக உடற்பருமன் சுட்டெண் 25 என்று வைக்கப்பட்டிருந்த எச்சரிக்கைக் கோட்டுக்கு முன்பாக, ஆசிய மக்களுக்கு 23 இலேயே கவனம் வேண்டும் என்று குறித்தது. எமது சபையிலேயே கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். திருவிழாவிலே சுவாமி தூக்கிய தோள்கள் இன்று சக்கர நாற்காலியிலே இருப்பதைப் பார்க்கிறோம். கண் மங்கியதால் தேவாரப் புத்தகத்தை மூடிவிட்டு மனப்பாடமாய் உள்ளதை மட்டும் பாடும் அம்மா ஒருவர் வெள்ளிதோறும் முன்வரிசையில் அமர்கிறார். இவர்களில் எவரும் ஒரேயொரு துண்டு கேக்கினால் இந்த நிலைக்கு வந்தவர்கள் அல்லர். "இனி என்ன கிடக்கு" என்று விட்ட ஆண்டுகளால் வந்தவர்களே பலர்.

அதிலும் எமது தலைமுறைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. 1990இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள்ளே பிள்ளைப் பருவம் கழித்தவர்களுக்கு அது விளங்கும். சீனி ஒரு சாமானாக இருக்கவில்லை. அது ஒரு வரவாக இருந்தது. உள்ளங்கையில் சிறிது வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். தட்டிலே ஒரு பருக்கை மிச்சம் விட்டால் அடி விழுந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. பின்பு இந்த நாட்டுக்கு வந்து, தொழிற்சாலை இரவு வேலைகளிலே நின்றபடி விழுங்கிய டோநட்டும் இரண்டு சீனி இரண்டு கிறீம் போட்ட கோப்பியும் எமக்குத் தீனியாகத் தெரியவில்லை. தப்பிப் பிழைத்ததன் அடையாளமாகத் தெரிந்தன. அப்படி வளர்ந்தவர்களைப் பார்த்து வைத்தியர் ஒரு தாளை நீட்டி "இவற்றைத் தவிருங்கள்" என்றால், கேட்பது ஒரு காது, மறுப்பது வயிற்றின் ஞாபகம். எனவே தவறுகிறவர்களை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று ஏளனம் செய்வது எமக்கு உடன்பாடில்லை.

ஆனால் தவறுவது ஒன்று, தவறிய பின் கைவிடுவது வேறொன்று. எமது நகரத்துப் பல்கலைக்கழகத்திலேயே பீற்றர் ஹேர்மன், ஜனற் பொலிவி என்ற இரு உளவியலாளர்கள் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். ஹேர்மன் இன்னொருவருடன் சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இன்றும் பேசப்படுகிறது. சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பின் ருசி பார்ப்பது என்ற பெயரில் ஐஸ்கிறீமை முன்னே வைத்தார்கள். சாதாரணமாக உண்பவர்கள் மில்க்ஷேக் குடித்த பின் ஐஸ்கிறீமைக் குறைத்து உண்டார்கள்; வயிறு நிரம்பினால் அதுதானே இயல்பு? உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க்ஷேக் குடித்த பின்பு, குடிக்காமல் இருந்த கட்டுப்பாட்டுக்காரரைவிடக் கூடுதலாக உண்டார்கள். கட்டு அறுந்துவிட்டது, இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்ற எண்ணந்தான் உண்டது. இதற்கு அந்த இரு அறிஞர்களும் ஆங்கிலத்தில் வைத்த பெயர் ஆலயப் பத்திரிகைக்கு ஏற்றதல்ல. யாழ்ப்பாணத் தமிழில் நாம் மேலே சொன்ன மூன்று சொற்களும் அதற்குச் சரியான மொழிபெயர்ப்பு.

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், தொழிற்பழக்கம், பொறுத்தருள்க.

வைத்தியர் எடுக்கும் ஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஒரு நாளைக் காட்டும் பரிசோதனை அல்ல. செங்குருதிக் கலம் ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழ்கிறது. அவ்வளவு காலமும் இரத்தத்திலே ஓடும் சீனி அதனுள் இருக்கும் நிறப்பொருளில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறார்கள். அதிலும் கடைசி மாதத்தின் பங்கு கூட. ஆகவே இது காலாண்டுக் கணக்கு. நாளொன்றுக்கு மூன்று வேளை, கிழமைக்கு 21, காலாண்டுக்கு 13 கிழமை. மொத்தம் 273 வேளை. சனிக்கிழமை மண்டபத்திலே ரோல்ஸ், கொத்து ரொட்டி, கேக் என்று போனது அதில் ஒன்று. "சித்திரைக்குப் பிறகு" என்று விட்டுவிட்டால் மாசித் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிழமை, 210 வேளை. நட்டம் எந்தப் பதிவிலே வந்தது என்று எந்தக் கணக்காளரும் சொல்லிவிடுவார்.

எமது தொழிலிலே பிழையான பதிவு ஒன்று விழுந்தால் அதைச் சுரண்டி அழிப்பதில்லை. புத்தகத்தை எரிப்பதுமில்லை. பிழை பிழையாகவே தெரிய இருக்கும். அதன் கீழே திருத்தப் பதிவு ஒன்று போட்டு, அடுத்த வரியில் தொடர்வோம். சில நிறுவனங்கள் நட்டம் வந்தால் நிதியாண்டின் முடிவுத் திகதியையே மாற்றப் பார்க்கும். திங்கட்கிழமை தொடங்குவோம், முதலாந் திகதி தொடங்குவோம், பொங்கலுக்குப் பின் தொடங்குவோம் என்பதெல்லாம் அந்த வகையைச் சேர்ந்தது. கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கிறது, நாம் பார்க்காவிட்டாலும்.

இன்னொரு பிழையும் நடக்கிறது. சனி இரவு உண்டதற்கு ஞாயிறு முழுவதும் பட்டினி கிடந்து ஈடு செய்யப் பார்ப்பார்கள். இதைத் தவம் என்று வேறு எண்ணிக்கொள்வார்கள். ஞாயிறு மாலை கைகால் நடுங்க, கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போகும். திங்கட்கிழமை முறிவு இரண்டாகியிருக்கும். திருத்தப் பதிவு என்பது தண்டனை அல்ல. அது வழக்கமான அடுத்த வேளைச் சாப்பாடு, வழக்கமான அளவில். அவ்வளவே.

சரி, எமது சமயம் இதற்கு என்ன சொல்கிறது? சமயகுரவர் நால்வருள்ளே ஒருவர் சபதம் முறித்தவர் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை. பெரியபுராணத்திலே, ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் விரிவாகச் சொல்கிறார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரிலே பரவையாரை மணந்து வாழ்ந்தவர். பின் திருவொற்றியூருக்கு வந்தபோது, இறைவனுக்குப் பூமாலை தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு அவரையும் மணக்க விரும்பினார். இறைவனே தூது சொல்ல, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால் சம்மதம் என்பது சங்கிலியார் தரப்பு நிபந்தனை. இங்கேதான் சுந்தரர் ஒரு யுக்தி பண்ணினார். பல தலங்களுக்கும் போய்ப் பாட வேண்டியவர், ஓரூரில் கட்டுண்டு கிடக்க முடியாது. ஆகவே, "நான் சத்தியம் செய்யச் சந்நிதிக்கு வரும்போது நீர் மூலத்தானத்தை விட்டு வெளியே மகிழமரத்தின் கீழ் எழுந்தருளியிரும்" என்று தோழரிடம் கேட்டுக்கொண்டார். சுவாமி இல்லாத சந்நிதியில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாதல்லவா! தோழரும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, அன்றிரவே சங்கிலியாரின் கனவிலே போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழமரத்தின் கீழே சத்தியம் செய்யச் சொல்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரருக்குத் தப்ப வழியில்லை. மகிழமரத்தை வலம்வந்து சத்தியம் செய்தார்.

தொடங்கும்போதே பின்கதவு வைத்துக் கட்டிய சபதம் அது. எமது தொழிலிலும் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் உண்டு; ஒப்பந்தம் எழுத முன்னமே அதிலிருந்து வெளியேறும் வழியைக் கேட்பார்கள். உணவு விடயத்தில் எமது மகிழமரங்கள் பல. "வீட்டிலே மட்டும் கட்டுப்பாடு, வெளியிலே இல்லை." "சீனிதான் கூடாது, சர்க்கரை பரவாயில்லை." "சிவப்பரிசி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம்." கித்துள் கருப்பட்டியும் பனங்கட்டியும் உடம்புக்குள் போனால் சீனிதான். சிவப்பரிசிச் சோறும் கோப்பை கோபுரமாய் நிரம்பினால் வெள்ளைச் சோற்றுக்குத் தம்பிதான்.

கதைக்கு வருவோம். வசந்தகாலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூர் வசந்த விழாவும் பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வந்தன. சுந்தரர் புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் பார்வை இழந்தன. (விட்டுவிட்டுப் போகப்பட்ட சங்கிலியாரின் நிலை என்ன என்று எமது தாய்மார் கேட்பது நியாயமே. அதற்கு இன்னோர் இதழ் வேண்டும்.)

இந்த இடத்திலே நாம் கவனிக்க வேண்டியது, சுந்தரர் அடுத்து என்ன செய்தார் என்பதுதான். அவருக்கு "இனி என்ன கிடக்கு" என்று சொல்ல எம்மைவிடக் காரணம் இருந்தது. சபதம் போயிற்று, தோழரின் நம்பிக்கை போயிற்று, கண் போயிற்று. திகைத்து நின்றார், பெருமூச்செறிந்தார் என்று புராணம் சொல்கிறது. ஆனால் அதோடு உட்காரவில்லை. வழக்கமாகச் செய்வதையே செய்தார். அடுத்த ஊருக்கு நடந்தார், அங்குள்ள சுவாமியைப் பாடினார். பார்வை நின்றது, பாட்டு நிற்கவில்லை.

கிடைத்த அருளையும் பாருங்கள். முதலில் திருமுல்லைவாயில், அங்கே கண் கிடைக்கவில்லை. அடுத்துத் திருவெண்பாக்கம். கோயிலுக்குள்ளேதான் இருக்கிறீரா என்று சுந்தரர் கேட்க, இருக்கிறோம், நீர் போகலாம் என்பதுபோல ஒரு மறுமொழியும், கையிலே ஓர் ஊன்றுகோலும் கிடைத்தன. தோழர் தந்தது தடி! கண் கேட்டவருக்குத் தடி கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனாலும் அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் வரை போனார். திருவேகம்பத்திலே இடக்கண் மட்டும் கிடைத்தது. ஒரு கண்ணோடு இன்னும் தெற்கே நடந்தார். திருத்துருத்தியிலே குளத்தில் மூழ்க, உடம்பைப் பற்றியிருந்த நோய் நீங்கியது. கடைசியிலே திருவாரூரில்தான் வலக்கண். திருவொற்றியூரிலிருந்து திருவாரூர் இன்றைய வீதியில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். வழிநெடுகப் பாடிய பதிகங்கள் ஏழாந் திருமுறையிலே இருக்கின்றன. முறிந்த சபதத்துக்கும் திரும்பிய கண்ணுக்கும் இடைப்பட்ட வழியிலே பிறந்தவை அவை என்பதை நினைத்துப் படித்தால் அவற்றின் சுவையே வேறு.

அருள் தவணை முறையிலே வந்தது. தம்பிரான் தோழருக்கே அப்படி என்றால், மூன்று கிழமை சோறு குறைத்துவிட்டு எல்லாம் சரியாகவில்லையே என்று நாம் முறையிடுவது எந்த நியாயம்? இடுப்புப் பட்டி ஒரு துளை உள்ளே போவது ஊன்றுகோல். எட்டு தசம் ஒன்று, ஏழு தசம் ஆறு ஆவது இடக்கண். இடையிலே ஒரு கலியாணவீட்டில் கால் சறுக்கினால் தடி கையை விட்டுப் போய்விடுவதில்லை.

லண்டன் யூனிவர்சிற்றி கல்லூரியிலே பிலிப்பா லாலி என்பவரும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் பழக்கமாக ஊறுவதற்கு எத்தனை நாள் செல்கிறது என்று பார்த்தார்கள். 2010இல் வெளிவந்த முடிவு: நடுத்தரக் கணக்கு 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254. எமது மண்டலக் கணக்கு 48 நாள் என்பது அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் எமக்கு வேண்டிய செய்தி வேறு. நடுவிலே ஒரு நாள் தவறவிட்டவர்களுக்கு அதனால் பழக்கம் ஊறுவதிலே குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை.

அடுத்து வீட்டிலுள்ளோருக்கு. தவறியவர் தனியே தவறுவதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் மேசையிலே இருப்பார்கள். "நான் அப்பவே சொன்னனான், உங்களாலை ஏலாது எண்டு" என்ற ஒரு வசனம் ஒரு தட்டுக் கேக்கைவிடத் தீங்கானது. திலகவதியாரை நினைத்துப் பாருங்கள். தம்பி மருணீக்கியார் வீட்டையும் தமக்கையையும் வழிபாட்டையும் விட்டுப் போய், ஆண்டுகள் கழித்துச் சூலைநோயோடு துடித்து இரவிலே வந்து காலில் விழுந்தார். அந்த அம்மையார் கணக்குக் கேட்கவில்லை. எடுத்து நிறுத்தித் திருநீறு கொடுத்தார், விடியற்காலையில் திருவலகு எடுத்துக்கொண்டு தாம் வழக்கமாகப் போகும் திருவதிகைக் கோயிலுக்கே தம்பியையும் அழைத்துப் போனார். அன்றைக்கு அங்கே பாடத் தொடங்கியவரைத்தான் நாம் அப்பர் பெருமான் என்கிறோம். அதேவேளை, "வந்து என்னைப் பார்" என்று தம்பி ஆளனுப்பியபோது, "நான் அங்கே வரமாட்டேன்" என்று உறுதியாகச் சொன்னவரும் அவரே. வைதுகொள்ளவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. வீட்டிலே ஒருவருக்குக் கட்டுப்பாடு என்றால், அவரைப் பேசுவதை நிறுத்தி, மேசையிலிருக்கும் பிஸ்கற் டின்னை எடுத்து வைத்தால் அது திலகவதியார் முறை.

இதற்கும் ஒரு பரிசோதனை உண்டு. 2007இல் அமெரிக்காவிலே, உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெண்கள் டோநட் சாப்பிட்ட பின், ஒரு பகுதியினருக்கு மட்டும் "எல்லோரும் இதைச் சாப்பிடுகிறவர்கள்தான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்" என்று சொல்லப்பட்டது. பின் இனிப்புகளை வைத்தபோது, அந்த வார்த்தை கேட்டவர்கள் கேளாதவர்களைவிடக் குறைவாகவே உண்டார்கள். அன்பாகச் சொன்னால் ஆள் கெட்டுவிடும் என்ற எமது பழைய எண்ணத்தைக் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம்.

மறுநாளைப் பற்றிச் சில நடைமுறை வார்த்தைகள். தவறிய இரவே, எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு பசியோடு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பழி சொல்ல அல்ல, காரணம் காண. எம்மவர் விழாக்களிலே அழைப்பிதழில் ஆறு மணி என்றால் கேக் வெட்ட ஒன்பது மணி, சாப்பாட்டுக்குப் பத்து மணி. "இரவு சாப்பிடப் போறம்தானே" என்று மத்தியானம் பட்டினி கிடந்து போனவர் பத்து மணிக்குக் கட்டுப்பாடு பார்ப்பாரா? ஆறு மணிக்கு வீட்டிலே ஒரு பருப்புக்கறியும் கீரையும் கொஞ்சச் சோறும் உண்டுவிட்டுப் போனால் பாதிப் போர் முடிந்தது. பனிக்காலத்தில் நடக்க இடமில்லை என்பவர்கள் கடைத்தொகுதிகளுக்குள்ளே காலையிலே நடக்கும் எமது மூத்தோரோடு சேர்ந்துகொள்ளலாம். அவர்கள் நடப்பதைவிடக் கதைப்பதுதான் கூட, ஆனாலும் ஒரு மணித்தியாலம் கால் அசைகிறது.

ஆலயத்தின் பங்கையும் சொல்லாமல் விடக்கூடாது. பிரசாதம் என்பது உள்ளங்கை அளவு. பஞ்சாமிர்தம் ஒரு தேக்கரண்டி, சர்க்கரைப் பொங்கல் இரண்டு விரலால் எடுக்கும் அளவு. கண்ணில் ஒற்றி வாயில் இட்டால் அருள் முழுமையாகக் கிடைத்துவிட்டது. மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில் வீட்டுக்குப் போவது பிரசாதம் அல்ல, சாப்பாடு. "சாமி சாப்பாடு ஒண்டும் செய்யாது" என்று சொல்லும் பெரியவர்களோடு மிகுந்த பணிவோடு முரண்படுகிறோம். அன்னதானத்தில் பரிமாறும் தொண்டர்களிடமும் ஒரு வேண்டுகோள்: "கொஞ்சம் காணும்" என்று ஒருவர் கையை மறித்தால் அது வெட்கம் அல்ல, அவரது விரதம். "இன்னும் ஒரு கரண்டி" என்று மேலே போட்டு அதை முறிக்க வேண்டாம்.

மகாசிவராத்திரி நெருங்குகிறது. நாலு யாமமும் விழித்து, நீரும் அருந்தாது நோற்கும் அடியார்களை வணங்குகிறோம். ஆனால் இன்சுலின் போடுபவர்களும், சில வகை நீரிழிவுக் குளிசைகள் எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். தத்தம் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ இப்போதே கேளுங்கள். குளிசையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். நடுங்கி வியர்த்துத் தலை சுற்றினால் அந்த நேரமே இனிப்பான பழரசம் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்ததால் விரதம் முறிந்ததா என்று எம்மைக் கேட்டால், இல்லை என்போம். முறிந்தது என்றே நீங்கள் நினைத்தாலும், முகம் கழுவிவிட்டு அடுத்த யாமப் பூசைக்கு வந்து அமருங்கள். இடம் இருக்கும்.

பாறணைக்கு இம்முறை மடைப்பள்ளியில் குரக்கன் புட்டும், அகத்திக்கீரையும், பயற்றங்கறியும் செய்யும்படி கேட்டிருக்கிறோம். சர்க்கரைப் பொங்கலும் இருக்கும். கரண்டி மட்டும் சிறியது.